பெற்றோர் உயிரோடிருக்கும் அனாதைகள்

கோனர் கிரெனன் என்கிற அமெரிக்கர் எழுதிய ‘லிட்டில் பிரின்சஸ்’ 2011இல் வெளிவந்த நூல். 2004இல், தன் 29ஆம் வயதில் உலகம் சுற்றக் கிளம்பிய அவர் முதலில் நேபாளத்தில் இறங்குகிறார். காத்மாண்டுக்குத் தெற்கே கோதாவரி கிராமத்தில் ஓர் அனாதை இல்லம். அங்கே சில மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டு வேலை. ஊர் சுற்றுவதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது, அதற்காகத்தான் போனேன் என்று அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பிரதியோடு நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அந்த இல்லத்துப் பிள்ளைகளெல்லாம் அனாதைகள் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. ஒருநாள் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அங்கிருக்கும் இரண்டு பையன்களைப் பெற்றவள். பொய் அங்கே உடைகிறது. 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர். திபெத் எல்லையை ஒட்டிய ஹூம்லா மாவட்டத்தில் பிள்ளைகளைப் படைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். தரகன் வருகிறான். காத்மாண்டுவில் பள்ளிக்கூடம் உண்டு, சோறு உண்டு, உயிருக்குப் பயமில்லை என்கிறான். பெத்தவங்க இருக்கறதை வித்து, பணத்தையும் கொடுத்து பிள்ளையையும் கொடுக்கிறார்கள். போர் ஓயும் வேளையில் கிரெனன் பிள்ளைகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஹூம்லா மலைகளில் நடந்துபோய் அந்தப் பெற்றோரைத் தேடுகிறார்.

அனாதை என்பது பிறப்பால் வருகிற நிலை அல்ல, உற்பத்தி செய்யப்படுகிற சரக்கு என்பதை இந்த நூல் காட்டிவிடுகிறது. அதன் பலம் அதுதான். பொய் இறப்புச் சான்றிதழ் வைத்து உருவாக்கப்படும் இந்தப் பிள்ளைகளுக்குக் ‘காகித அனாதைகள்’ என்றே பெயர் வந்துவிட்டது. இல்லங்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். போர் கடுமையாக நடந்தது மேற்கு மலைகளில். இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா இருக்கும் காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தே மாவட்டங்களில். வெள்ளைக்காரப் பயணி வந்து இறங்குகிற இடங்கள் அவை. நேபாளம் மட்டுமல்ல, போர் முடிந்துபோன கம்போடியாவிலும் இதே கதைதான். 2005இல் அங்கே 154 இல்லங்கள், 2010இல் 269. சாவு கூடவில்லை, கொடையாளிகளும் தொண்டர்களும் கூடினார்கள். கேட்கிறவன் இருந்தால் சரக்கு வரும்.

என் வழக்கு இந்தக் கதையைச் சொல்கிற குரலோடு. மலையேறுவது அவர், முழங்கால் வலிப்பது அவருக்கு, அழுவது அவர், வாக்குக் கொடுத்து நிறைவேற்றுவதும் அவர். பிள்ளையைத் தரகனிடம் கொடுத்த ராத்திரி அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? பிள்ளைகளைத் தேடி அந்தத் தாய் அலைந்த அலைச்சல் எப்படிப்பட்டது? அதை அவள் வாயால் யாரு கேட்டா? சேர்த்துவைத்தவனின் பயணம் காவியமாகிறது. பிரிக்கப்பட்டவர்களின் பயணம் அதற்குள் ஓர் அத்தியாயமாகச் சுருங்குகிறது. நம்மைப் பற்றி இரக்கத்தோடு எழுதியவர்களின் கதைகளில் நாம் இப்படித்தான் இருந்தோம். அழுவதற்கும் நன்றி சொல்வதற்கும் மட்டும் வாய் கொடுத்தார்கள். அதனால்தான் நாமே எழுத வேண்டியிருந்தது.

இந்த வகைத் தொண்டு நூல்களுக்கு ‘ஏழை’ என்ற ஒரு சொல் போதும். ஏழ்மைக்கு வரலாறு இல்லையா? 1854இல் முலுகி ஆயின் என்ற சட்டத்தொகுப்பு தீண்டாமையை அரச சட்டமாகவே எழுதிவைத்த நாடு நேபாளம். 1963இல் வந்த புதிய சட்டம் அதை விலக்கியது. தூர மேற்கு மலைகளில் ஹலியா என்று ஓர் ஏற்பாடு. வாங்கிய கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆண்டை நிலத்தை உழ வேண்டும். உழுதவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் விடுதலையானதாக அரசு அறிவித்தது 2008இல்தான். காமி, தமாய், சார்க்கி என்று சாதிப் பெயரோடு வாழ்கிற சனம் அந்த மலைகளில் இருக்கிறது. நிலம் யாரிடம், கடன் யாரிடம், பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை தள்ளி உட்காருகிறது என்று கேட்காமல், பிள்ளை ஏன் ஊரைவிட்டுப் போகிறது என்பதற்குப் பதில் கிடையாது.

‘அப்ப உதவியே செய்யக் கூடாதா?’ என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். செய்யலாம். இரண்டு வாரம் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிற கைகள் மாறிமாறி வருவது பிள்ளைக்கு உதவி அல்ல. அது ஒவ்வொரு முறையும் இன்னொரு பிரிவு. இல்லத்துக்குப் போகிற பணம் அந்தக் குடும்பத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் போனால் தரகனுக்கு வேலையில்லை. 2015 நிலநடுக்கத்துக்குப் பின் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோக நேபாள அரசு கட்டுப்பாடு விதித்தது. 2018இல் வந்த குழந்தைகள் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாக வைக்கிறது. 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, இல்லங்களுக்குப் பிள்ளை கடத்துவதை நவீன அடிமைமுறையாகக் கருத வேண்டும் என்றது. இதெல்லாம் கருணையின் மொழி அல்ல, உரிமையின் மொழி.

கிரெனனின் நூலைப் படியுங்கள். ஹூம்லாத் தாய் தகப்பன்களைக் கவனித்துப் படியுங்கள். அன்றைய பிள்ளைகள் இன்று வளர்ந்த ஆண்கள், பெண்கள். அவர்கள் நேபாளியில் எழுதுவதையும் பேசுவதையும் தேடிப் பிடித்துத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். இதுபோன்ற இதழ்கள் செய்ய வேண்டிய வேலை அது.