உரையாடலும் ஐந்து தலைகளும்

சீன அரசவையில் இருந்த இயேசு சபைத் துறவிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் ‘உரையாடல்’ என்கிற சொல் வந்துவிடுகிறது. வாளோடு போகாமல் கடிகாரத்தோடும் உலகப் படத்தோடும் போனார்கள், சீனம் கற்றார்கள், கன்பூசியஸைப் படித்தார்கள். இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனா, யாரோட உரையாடல்? இப்படிக் கேட்டதுமே இந்தக் கதையாடல் தடுமாறத் தொடங்குகிறது.

1583இல் உள்ளே நுழைந்த மத்தேயோ ரிச்சி முதலில் உடுத்தியது பௌத்த பிக்குவின் அங்கி. பிக்குகளுக்கு மேல்தட்டில் பெரிய மரியாதை கிடையாது என்று தெரிந்ததும் 1595இல் அதைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கற்றறிந்த அதிகார வர்க்கத்தின் பட்டு அங்கிக்கு மாறினார். 1601இல் பெய்ஜிங் திறந்தது. எந்தச் சீனாவோடு பேசுவது, எதைத் தவிர்ப்பது என்கிற தேர்வு இது. பண்பாட்டை மதித்தல் என்று நாம் கொண்டாடுவது, அதன் மேல்தட்டு தன்னைப் பற்றி வைத்திருந்த பிம்பத்தை ஏற்றுக்கொண்டதைத்தான்.

விலை கொடுத்தது யார்? 1644இல் மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தபின் ஆடம் ஷால் அரசு வானியல் அலுவலகத்தின் தலைவரானார். அங்கே நாள்காட்டி என்பது வெறும் கணக்கு அல்ல, ஆட்சியுரிமையின் அடையாளம். 1664இல் யாங் குவாங்ஷியன் ராஜதுரோகக் குற்றம் சாட்டினார். ஷாலுக்கு மரண தண்டனை. 1665இல் பூகம்பம் வந்தது. அபசகுனமென்று பயந்து அவரை விட்டுவிட்டார்கள். அதே வழக்கில் லி ஸூபாய் உட்பட ஐந்து சீனக் கிறிஸ்தவ வானியலாளர்களின் தலை வெட்டப்பட்டது. ஷாலின் உருவப்படம் பல நூல்களில் இருக்கிறது. இந்த ஐவரும் பெரும்பாலும் ஒரு வரியோடு சரி.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பிராமணர்களை அணுகச் சந்நியாசிக் கோலம் பூண்டதும் இதே தர்க்கம்தான். ரோமின் தூதர் தூர்னோன், சீனச் சடங்குத் தகராறை விசாரிக்கப் பெய்ஜிங் போகிற வழியில், 1704இல் புதுச்சேரியில் ‘மலபார் சடங்கு’களுக்குத் தடை விதித்தார். நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குப் போக குருமார் மறுக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. அதாவது, ‘சகிப்புத்தன்மை’ என்று புகழப்பட்ட முறைக்குள் தீண்டாமையும் உட்கார்ந்திருந்தது.

ரோமை நல்லவராக்குவது என் வேலையில்லை. சாதாரணச் சீனக் குடும்பத்தின் முன்னோர் வழிபாட்டையும் அது தடுத்தது, 1939இல்தான் தளர்த்தியது. ஒரு பக்கம் கட்டளை, இன்னொரு பக்கம் சமரசம். இரண்டையும் மேலே இருந்தவர்களே பேசி முடித்தார்கள். பண்பாட்டு உரையாடல் என்று யாராவது இன்று மேடையேறினால், மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.