பாரூசு கல்வெட்டும் நம் கட்டுரைகளும்

ஈப்போ மளிகைக் கடைகளில் துணிப்பெட்டிக்கென விற்கப்படும் வெள்ளுருண்டைகளை நாம் 'காப்பூர் பாரூஸ்' என்றே கேட்டு வாங்குகிறோம். இன்றைய உருண்டையில் கற்பூரம் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. எரிமலைத் தொடரை முதுகிற்கொண்ட சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையில் அமைந்த சிற்றூரே பாரூசு. அதன் அருகே லோபு துவாவில் 1873-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டை நீலகண்ட சாத்திரியார் 1932-இல் ஆராய்ந்து வெளியிட்டார், பின்னர் எ. சுப்பராயலு மீளப் படித்தார்.

மலேசியத் தமிழ்க் கட்டுரைகளிலும் மேடைகளிலும் இக்கல்வெட்டு பெரும்பாலும் சோழர் வெற்றியின் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. இவ்வாசிப்பு நமக்கு உடன்பாடன்று. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசித் திங்களில் பொறிக்கப்பெற்ற அக்கல்லில் அரசனின் மெய்க்கீர்த்தி இல்லை. பேசுவோர் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். மரக்கலத் தலைவனும் அவனைச் சார்ந்தோரும் கத்தூரி விலைக்கேற்பப் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பின்னரே கரையில் விரித்த துணிமீது அடிவைக்க வேண்டும் என்பது அவர்தம் முடிவு. இது வாகைப்பாட்டன்று, வரிச்சீட்டு!

இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின் குளோது கிய்யோ குழுவினரின் அகழாய்வு, லோபு துவாக் குடியிருப்பை 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டு செல்கின்றது. படை வருமுன்னரே அங்குச் சந்தை இருந்தது.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. பேராக் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த மாணவருக்கு மரக்கல வேந்தரையே முன்னோராகக் காட்டினால், கங்காணியின் பெயர்ப்பட்டியலில் ஏறிக் கப்பலேறிய பாட்டனும் பாட்டியும் வரலாற்றுக்கு வெளியே நிற்பர். அம்மாணவர் தம் வீட்டுக் கதையை ஏட்டில் எழுத நாணுவர். ஐந்நூற்றுவரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே மொழியினர் எனினும், அவர்கள் கடல் கடந்த காரணங்கள் வேறு. தனித்தனியே எழுதப்பட வேண்டியவை.

நம் கட்டுரைகளில் மற்றொரு குறையும் உண்டு. கற்பூரத்தைக் காட்டினின்று திரட்டியோர் உள்நாட்டுப் பாத்தாக் மக்கள். காரோ பாத்தாக்கின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்னும் கிளைப்பெயர்கள் உள்ளன. அவற்றைக் கண்டதும் நாம் தமிழ்ப் பரவலெனக் களிக்கிறோம். வணிகர் வருமுன்னரே மரத்தினுள் கற்பூரம் கண்ட அவர்தம் அறிவைப் பற்றி ஒரு பத்தியும் எழுதுவதில்லை.