ஜெர்சியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று எழுதிவைத்த படிநிலை உண்டு. பணம் பெருகினால் கல்லூரிகள் மேலே ஏறும், கை கடித்தால் கீழே இறங்கும். நம் பக்கம் அப்படி எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கபடி ஆடும் ஒரு பிளஸ் டூ பையனிடம் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான் அவனுக்கு முக்கியம். எழுதி வைக்காத டிவிஷன் அதுதான்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆட்டத்தில் ஓர் அணிதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அத்தனை கல்லூரிப் பையன்களும் இன்டர் காலேஜ் ஆடி, செலக்‌ஷனில் நின்று, 12 பேர் கொண்ட ஒரே கபடி அணிக்குள் நுழைய வேண்டும். அதன்பின் சவுத் ஸோன், அங்கே தேறினால் ஆல் இந்தியா. ஒரு கல்லூரியே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டால் கதை வேறு. அதன் கல்லூரி அணிதான் பல்கலைக்கழக அணி. நடுவே இருக்கும் செலக்‌ஷன் என்ற வாசல் காணாமல் போய்விடுகிறது.

வாசல் எதற்கு என்று கேட்கலாம். மத்திய அரசுத் துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு நீட்டும் சான்றிதழ்களில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கென்றே தனிப் படிவம் உண்டு. இன்டர் காலேஜில் கோப்பையே வாங்கினாலும் அந்தப் படிவம் கிடைக்காது. பல்கலைக்கழக ஜெர்சி போட்டு வெளியூர் போயிருக்க வேண்டும். ரயில்வே வேலையைக் கனவு காணும் வீட்டில் பதக்கத்துக்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இத்தனை எடையுள்ள வாசலை இங்கே கோப்புகளில்தான் இடம் மாற்றியிருக்கிறார்கள். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம் அன்று தென் மாவட்டங்கள் முழுவதற்குமானது. 1985-ல் காரைக்குடி அழகப்பா, 1990-ல் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் என்று பல்கலைக்கழகங்கள் பிறந்தபோது அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் பிரிந்தன. 2001-ல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த ஆட்டக்காரருக்கு அதுவரை மதுரை ஜெர்சி. அதன்பின் மாநிலம் முழுக்கப் பரவிய பொறியியல் கல்லூரிகளோடு மோதினால்தான் ஜெர்சி. நடுவில் மதுரைக்கென்றே ஓர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010-ல் முளைத்து, 2012-ல் மறுபடி சென்னையோடு கலந்தது. அந்த இரண்டு வருடத்தில் படித்தவர்கள் ஒரே கல்லூரியில் இருந்தபடி டிவிஷன் மாறியவர்கள். இவற்றில் ஒரு மாற்றத்துக்கும் விளையாட்டு காரணமில்லை. நிர்வாகம், பாடத்திட்டம், சில வேளை அரசியல். விளையாட்டு பின்னால் இழுபட்டுப் போனது.

இன்னொரு வகை மாற்றம் பணத்தால் வருவது. அரசு உதவிபெறும் கல்லூரியின் கணக்கைப் பாருங்கள். உடற்கல்வி இயக்குநரின் சம்பளத்தை அரசு தரும். அந்தப் பணியிடம் காலியானால் நிரப்ப அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பந்து, வலை, பயணப்படி, மதியச் சாப்பாடு எல்லாம் மாணவர் கட்டும் சொற்ப விளையாட்டுக் கட்டணத்திலிருந்து. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரும் பிள்ளைக்கு விடுதி இலவசம் என்றால் அந்தச் செலவை நிர்வாகம் சுயநிதிப் பிரிவின் வருமானத்திலிருந்து எடுத்தாக வேண்டும். பி.காம். சேர்க்கை குறைகிற வருடம் ஹாக்கி அணியும் குறையும். யாரும் அறிவிக்க மாட்டார்கள். அடுத்த ஜூனில் செலக்‌ஷன் டிரயல் நடக்காது, அவ்வளவுதான்.

கல்லூரிகள் மேலே ஏறப் பார்ப்பதன் நியாயம் இங்கே இருக்கிறது. கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளும் நிறுவனத்தால் விளையாட்டுக்குக் கணிசமாகச் செலவிட முடிகிறது. சென்னையின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தென் மாவட்டத்துப் பிள்ளைகளை முழுக் கட்டணச் சலுகையோடு அழைத்துப்போய், உணவும் பயிற்சியாளரும் தந்து ஆல் இந்தியாவில் நிறுத்துகின்றன. ‘விலைக்கு வாங்கிய அணி’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மூன்று வேளை முட்டையும் இறைச்சியும் கிடைக்கும் இடத்துக்கு ஓர் அலங்காநல்லூர்ப் பையன் போவதைக் குறைசொல்ல மைதானத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு உரிமை குறைவு.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட அணிகள் பெரும்பாலும் தயாரான ஆட்டக்காரரைத்தான் எடுக்கும். பள்ளியிலேயே பதக்கம் வாங்கியவர், மாநில விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். தாமதமாக மலர்பவருக்கு அங்கே இடமில்லை. அவர்களைத் தாங்குவது இணைப்புக் கல்லூரி என்ற பழைய ஏற்பாடுதான்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி இதற்குச் சரியான சாட்சி. பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியின் கையில் வளர்ந்தவர். பேருந்துக் காசுக்கே யோசிக்கும் வீடு. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய அவரைக் கவனித்தவர் ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பயிற்சியாளர் கண்ணன். பாட்டியிடம் பேசி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். மதுரைக்குள்ளேயே ஒரு கல்லூரி, பக்கத்திலேயே மைதானம், நம்பிக்கை வைத்த ஒரு பயிற்சியாளர். இந்த மூன்றும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருந்ததால் நடந்தது அது.

லேடி டோக்கும் அமெரிக்கன் கல்லூரியும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பாடத்திட்டமும் தேர்வும் தங்களுடையவை. பட்டமும் ஜெர்சியும் காமராசர் பல்கலைக்கழகத்துடையவை. தரம் உயர்ந்த பின்னும் பக்கத்துக் கிராமக் கல்லூரியோடு ஒரே செலக்‌ஷனில் நிற்கும் ஏற்பாடு இது. நமக்கு வாய்த்த படிகளில் விளையாட்டைக் காயப்படுத்தாத படி இது ஒன்றுதான் என்பேன்.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகமே தள்ளாடினால்? காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது அண்மைக் காலச் செய்தி. காரைக்குடி, நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளும் பொறியியலும் கைவிட்டுப் போக, இணைப்புக் கட்டணமும் ஆட்டக்காரர் கூட்டமும் சேர்ந்தே சுருங்கின. சம்பளம் நிற்கும் இடத்தில் முன்பயிற்சி முகாமும் அணியின் ரயில் கட்டணமும் எந்த வரிசையில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கர்கள் இறங்குவதை வெளிப்படையாகச் செய்கிறார்கள். பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 2025 மார்ச்சில் தேசியப் போட்டியில் ஆடியது. அதே மாதம் நிர்வாகம் முதல் டிவிஷனை விட்டு மூன்றாம் டிவிஷனுக்குப் போவதாக அறிவித்தது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பெரிய பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரருக்கு நேரடியாக ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் பகிரலாம். சிறிய கத்தோலிக்கக் கல்லூரி அந்தப் பந்தயத்தில் ஓட முடியாது என்பது யதார்த்தம். இறங்கியதில் தவறில்லை, அரங்கில் அணி ஆடிய சூடு ஆறுமுன் ஆட்டக்காரர்களின் தலையில் அதை இறக்கிய விதம் வலிக்கக்கூடியது.

இறங்கினால் பிழைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அலபாமாவில் பதில் இருக்கிறது. பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி செலவைக் குறைக்க 2006-ல் முதல் டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியது. சேர்க்கையைக் கூட்ட அமெரிக்கக் கால்பந்து அணியையும் சேர்த்தது. கடனும் கட்டடச் செலவும் விடவில்லை. 2024 மே 31 அன்று கல்லூரியே மூடப்பட்டது. அதன் பேஸ்பால் அணி அன்று தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. விளையாட்டைக் குறைத்துக் கல்லூரியைக் காப்பாற்றலாம் என்பது பல சமயம் நோயை விட்டுவிட்டு நகத்தை வெட்டுவது.

நாம் செய்ய நினைத்தது எதிர்த்திசை. 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மாநகராட்சி எல்லைக்குள் 100 ஏக்கருக்குப் பதில் 25 ஏக்கர் போதும், ஏற்கெனவே இயங்கும் அரசு உதவிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமாகலாம் என்றது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததும் அரசு பின்வாங்கியது. கட்டணம், இட ஒதுக்கீடு, ஆசிரியர் பணி என்று எல்லாம் பேசப்பட்டன. நான் படித்தவரை விளையாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மதுரையின் இரண்டு மூன்று பெரிய கல்லூரிகள் அப்படி மாறியிருந்தால் காமராசர் பல்கலைக்கழக அணி என்ற ஒன்று பெயரளவில்தான் மிஞ்சியிருக்கும். உசிலம்பட்டிக் கல்லூரிப் பையன் நின்று மோதத் தகுந்த எதிராளியே உள்ளூரில் இருக்க மாட்டான்.

கல்லூரி பல்கலைக்கழகமாவதை நான் எதிர்க்கவில்லை. விளையாட்டைக் கணக்கில் சேர்க்காத மாற்றத்தை எதிர்க்கிறேன். இணைப்பு மாறும்போது, ஏற்கெனவே சேர்ந்த ஆட்டக்காரர்கள் படிப்பு முடியும்வரை பழைய பல்கலைக்கழக அணிக்கு ஆட வழி வேண்டும். காமராசர் பல்கலைக்கழகத்தில் மாணவர் கட்டும் விளையாட்டுக் கட்டணத்தைச் சம்பளப் பற்றாக்குறைக்குத் தொடாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ரேஸ்கோர்ஸில் பன்னாட்டுத் தரத்தில் ஹாக்கி அரங்கம் கட்டி 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்களை நடத்திய ஊர் இது. அந்த ஆடுதளத்தில் அடுத்து ஆட உள்ளூர்க் கல்லூரி அணிகள் வேண்டாமா?

அதுவரை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒன்று. கட்டணச் சலுகை மூன்று வருடத்துக்கும் உண்டா, முட்டி போனாலும் உண்டா, பல்கலைக்கழகம் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.