உர்சுலா நார்ட்ஸ்ட்ராமும் ஒரு படநூலும்

சிறுவர் நூலின் அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும். ஓவியர் பெயரும் இருக்கும். பதிப்பாசிரியர் பெயரைக் காண்பது அரிது. 1963ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ என்னும் படநூலும் இதற்கு விலக்கன்று. ஆயினும், உர்சுலா நார்ட்ஸ்ட்ராம் அம்மையாரை ஒதுக்கிவிட்டு அந்நூலை மதிப்பிட இயலாது.

ஹார்ப்பர் பதிப்பகத்தின் சிறுவர் நூற்பிரிவை 1940 முதல் 1973 வரை நடத்தியவர் அவர். பொம்மைக் கடையொன்றின் காட்சிச் சாளரங்களை அழகுபடுத்திவந்த இளைஞர் செண்டாக்கின் ஓவியங்களை 1950இல் கண்டார். உடனே சொந்த நூலொன்று கேட்டாரில்லை. பிறர் எழுதிய கதைகளுக்குப் படம் வரையக் கொடுத்தார். ரூத் கிராஸ் எழுதிய ‘எ ஹோல் இஸ் டு டிக்’ (1952) அவ்வாறு வந்ததே. செண்டாக் தாமே எழுதி வரைந்த முதல் நூல் வெளிவந்தது 1956இல்தான். மாணவன் முதற்கட்டுரை எழுதியதும் சிவப்பு மையைத் தேடும் கைகளுக்கு இப்பொறுமை எளிதில் வாய்ப்பதன்று!

டால்ஸ்டாய் போன்ற பேராசிரியர்முன் தாம் எம்மாத்திரம் என்று 1961இல் செண்டாக் மனந்தளர்ந்து எழுதினார். அம்மையார் வெறும் புகழுரை கூறித் தேற்றவில்லை. டால்ஸ்டாயும் செண்டாக் ஆகிவிடவில்லையே என்னும் பொருள்பட மறுமொழி விடுத்தார். ஒப்பீட்டையே தலைகீழாக்கிய அம்மடல் இன்றும் படிக்கத்தக்கது.

படநூல் முதலில் காட்டுக் குதிரைகளைப் பற்றியதாகவே திட்டமிடப்பட்டது. அதன் மாதிரிப் படி 1955இலேயே உருவாகியிருந்தது. ஆனால் செண்டாக்குக்குக் குதிரை வரைய வரவில்லை. பின் எதைத்தான் வரைய முடியும் என்று அம்மையார் வினவியதாகச் செண்டாக்கே பலமுறை கூறியுள்ளார். வரையத் தெரியாததைப் பயின்று வா என்று அவர் அனுப்பியிருந்தால், திருத்தமான குதிரைகள் கிடைத்திருக்கும், நூல் கிடைத்திராது. குதிரைகள் இருந்த இடத்தில், புரூக்ளினில் சிறுவயதில் கண்டு அஞ்சிய உறவினர் முகங்கள் கொம்பும் பல்லுமாய் வந்து நின்றன.

பதிப்பாசிரியரே நூலைப் படைத்தார் என்பது மிகை. குறும்பு செய்து அறைக்கு விரட்டப்பட்ட மேக்ஸின் சினம் பெருகப் பெருகப் படங்களும் பெருகுகின்றன. மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லே இல்லை. அது செண்டாக்கின் கலை. கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை. மேக்ஸுக்காகக் காத்திருக்கும் உணவு சூடானதா, இளஞ்சூடானதா என்பது பற்றிப் பதிப்பகத்தில் வழக்கு எழுந்ததாக ஆசிரியர் நினைவுகூர்ந்ததுண்டு. நாவைச் சுடும் சூடு சிறுவருக்கு ஆகாதென்ற அச்சம்போலும். சூடு என்பதே அச்சேறியது.