கருவுற்ற தாய்க்கு மருந்து எப்போது?

எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு மருந்தை எப்போது தொடங்குவது என்ற வினாவுக்கு இந்தியா அளித்த விடை பன்னிரண்டு ஆண்டுகளில் முற்றிலும் மாறியது. 2002இல் தொடங்கிய தாய்-சேய் தொற்றுத் தடுப்புத் திட்டத்தில், வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும் பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்தும் தரப்பட்டன. மலிவும் எளிமையும் கொண்ட இம்முறை தாயின் நோயைக் கட்டுப்படுத்தாததோடு, அம்மருந்துக்கு வைரஸ் அடங்காத நிலையை, அதாவது மருந்து எதிர்ப்பை, பலரிடம் உண்டாக்கியது. 2012 செப்டம்பரில் தமிழ்நாடு உள்ளிட்ட மூன்று தென்மாநிலங்களில் பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை அறிமுகமாகி, 2014 ஜனவரி 1 முதல், நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உடனே தொடங்கி வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியதாயிற்று.

மருத்துவ நோக்கில் இது சரியே. சிகிச்சையின்றி நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றுக்கு ஆளாக, சிகிச்சை அதை ஐந்துக்கும் கீழே இறக்குகிறது. தாய்ப்பால் வழியாகவும் தொற்றுவதால் பிரசவத்தோடு மருந்தை நிறுத்துவதற்கும் இடமில்லை.

குறை, தொடங்கும் வேகத்தில் இருக்கிறது. 2011இலேயே இந்த வாழ்நாள் சிகிச்சை முறையை ஏற்ற மலாவியில், கர்ப்பகாலத்தில் தொடங்கிய பெண்கள், நோய் முற்றித் தொடங்கியவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாக முதல் வருகைக்குப் பின் திரும்பவே இல்லை. உடம்பில் நோவில்லாதவருக்கு, முடிவு தெரிந்த அன்றே தரப்படும் ஆயுட்கால மாத்திரை எளிதில் ஒட்டுவதில்லை.

நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரி நகரியத்தில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்ளக்கூடும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தொற்று அறியப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி, வளைகாப்புக்குப் பின் தாய்வீடு சென்றால், மருந்து பெறும் மையமும் மாற வேண்டும். அங்கே மாத்திரைப் புட்டியை யார் கண்ணிலிருந்து மறைப்பது என்பது தனிக்கவலை. ஒப்புதலின்றி நோய்நிலையை வெளியிடுவதை எச்.ஐ.வி. குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்து வாழும் குடியிருப்பில், சட்டத்தைவிட வம்பு வேகமாகப் பரவும்.

இருந்தாலும் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவது தீர்வாகாது. பரிசோதித்த அன்றே மருந்து தருவதோடு, தாய்வீட்டு முகவரியையும் கேட்டறிந்து, அவர் போகுமுன்பே அங்குள்ள மையத்தோடு இணைக்க வேண்டும். திட்டத்தின் வெற்றியைப் பிரசவ அறையில் அளக்காமல், குழந்தை பால் மறந்த பிறகும் தாய் மருந்து வாங்க வருகிறாரா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.