அளந்து அடிக்கிற ஆட்டம்

சண்டை விளையாட்டு எதுவானாலும் எதிரியின் உயிர்க்கோடு தீர்ந்தால் ஆடுகிறவருக்குக் கொண்டாட்டம். போக்கிமானில் மட்டும் அந்தக் கோடு தீர்ந்ததும் பல நேரங்களில் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அரை மணி நேரம் புல்லுக்குள் அலைந்து கண்ட அபூர்வப் பிராணி, கடைசி அடி கொஞ்சம் பலமாக விழுந்ததால் மயங்கிச் சாய்ந்துவிட்டது. மயங்கியதைப் பிடிக்க முடியாது என்பது விதி. ஜெயித்தாயிற்று, கைக்கு ஒன்றும் வரவில்லை.

பிராணிகளைச் சேகரிக்கும் சாகச விளையாட்டுகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசிக்கு மூலம் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு வந்த போக்கிமான் சிவப்பும் பச்சையும்தான். மங்கிய திரை, நான்கே சாயல்கள், கட்டம் கட்டமாக நகரும் ஒரு சிறுவன். பார்வைக்கு அவ்வளவுதான். ஆனாலும் பிடிப்பது என்ற ஒரே ஒரு செயலை இவ்வளவு நுணுக்கமாக யோசித்துச் செய்த விளையாட்டு அதற்கு முன் இல்லை. பின்னால் வந்தவற்றிலும் குறைவு.

இதை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வண்டு பிடிப்பதில் பித்து. கூட்டாளிகள் அவருக்கு 'பூச்சி டாக்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வளர வளர அந்தக் குளங்களும் தோப்புகளும் கட்டடங்களாகிவிட்டன. இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். விளையாட்டின் முதல் விதை அதுதான். அது முளைத்து மரமாக ஆறு வருடங்கள் ஆயின.

எதிரியைக் கூட்டாளியாக்கும் யோசனை தாஜிரிக்கு முன்பே இருந்தது. 1987இல் வந்த மெகாமி டென்செய் விளையாட்டில் பேய்களோடு பேரம் பேசித் தன் பக்கம் இழுக்கலாம். 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில், தோற்று விழுந்த பிராணி சில சமயம் எழுந்து வந்து தானும் கூட வருவதாகச் சொல்லும். முதலாவதில் எல்லாம் வாய்ச் சாமர்த்தியம். இரண்டாவதில் எல்லாம் அதிர்ஷ்டம். இரண்டிலும் சண்டை வேறு, சேர்த்துக்கொள்வது வேறு. தாஜிரி இரண்டையும் ஒன்றாக்கினார். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பந்தை எறிந்து பிராணியை அதற்குள் பிடித்தாக வேண்டும். அடிக்கவும் வேண்டும், அடி மிஞ்சவும் கூடாது. அடக்கிய கைக்குத்தான் இங்கே பரிசு.

இதை வெறும் உணர்வாக விடாமல் கணக்காகவே உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிராணிக்கும் பிடிபடும் தன்மைக்கென ஓர் எண் உண்டு. புல்லுக்குப் புல் எதிர்ப்படும் காட்டர்பி என்ற புழுவுக்கு 255. ஆரம்பத்தில் நமக்குத் தரப்படும் மூன்று பிராணிகளுக்கும் 45. குகையின் அடியாழத்தில் நிற்கும் மியூட்டூவுக்கு வெறும் 3. உயிர் குறையக் குறையப் பிடிபடும் வாய்ப்பு கூடும். ஆனால் சாதாரணப் பந்தை எறிகிறபோது, உயிர் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததோடு அந்த லாபம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே எவ்வளவு அடித்தாலும் வாய்ப்பு ஒரு துளிகூட ஏறாது. மயங்கிவிடும் அபாயம் மட்டும் ஏறும். கோடு சிவப்பாகும்வரை அடித்தே தீருவேன் என்று நிற்பவர்கள் இந்தக் கணக்கு தெரியாதவர்கள்.

தூக்கத்துக்கு இருக்கும் மதிப்பு இன்னும் வியப்பானது. தூங்க வைத்த பிராணிக்கு, அது எதுவானாலும் சரி, எவ்வளவு உயிர் மிச்சமிருந்தாலும் சரி, கணக்கில் ஒரு தனிச் சலுகை கிடைக்கிறது. தூங்கும் மியூட்டூ மீது அல்ட்ரா என்ற உயர்ரகப் பந்தை எறிந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு முறை பிடிபட்டுவிடும். ஒரு கீறல்கூட விழாமல் அது அப்படியே முழு உயிரோடு இருக்கலாம். அந்த உலகத்திலேயே பலசாலியைப் பிடிக்க நல்ல ஆயுதம் இடியோ நெருப்போ அல்ல, தாலாட்டு.

பந்து எறிந்த பிறகு வரும் அந்தச் சில நொடிகள் தனி ரசனைக்குரியவை. பிராணி பந்துக்குள் மறைகிறது. பந்து தரையில் விழுந்து ஒருமுறை ஆடுகிறது, நிற்கிறது. மறுபடி ஆடுகிறது, நிற்கிறது. மூன்றாவது ஆட்டத்துக்குள் உலகம் முழுக்கச் சிறுவர்கள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அப்படிச் செய்தால் பந்து திறக்காது என்ற நம்பிக்கையில். உண்மையில் பந்து கையை விட்ட கணத்திலேயே பிடிபட்டதா இல்லையா என்பது முடிவாகிவிடுகிறது. தவறிய பந்து எத்தனை முறை ஆட வேண்டும் என்பதையும் அதற்குப் பிறகு தனியாகக் கணக்கிட்டுத்தான் காட்டுகிறார்கள். அந்த ஆட்டம் முழுவதும் நமக்காக நடத்தப்படும் கூத்து. இது தெரிந்த பிறகும் மூன்றாவது ஆட்டத்தில் மூச்சு நிற்கத்தான் செய்கிறது. நாடகம் என்று தெரிந்தும் கண் கலங்குவதில்லையா, அந்த வகை.

பிராணிகளின் குணத்தைக்கூட வர்ணனையாக எழுதாமல் பிடிக்கும் முறையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆப்ரா என்ற மனோசக்திப் பிராணியை எடுத்துக்கொள்வோம். செருலியன் நகரத்துக்கு வடக்கே புல்லில் எதிர்ப்படும். அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: இருந்த இடத்திலிருந்து மறைந்துபோவது. நாம் ஓர் அடி அடித்துப் பதம் பார்க்கலாம் என்று நினைத்தால், அதன் முறை வந்ததும் ஆள் இருக்காது. எனவே பார்த்த மாத்திரத்தில், அடிக்காமலேயே பந்தை வீசிப் பார்க்க வேண்டும். அல்லது முதலில் தூங்க வைக்க வேண்டும். தூங்க வைக்க யார் உதவுவார்கள்? ஆரம்பக் காட்டில் பிடித்து, யாரும் மதிக்காமல் விட்ட அந்தக் காட்டர்பி. ஏழாம் நிலையில் கூடாகி, பத்தாம் நிலையில் பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகி, இன்னும் சற்று வளர்ந்ததும் அது உறக்கப் பொடி தூவக் கற்றுக்கொள்கிறது. புழுவை வளர்த்தவனுக்கு மந்திரவாதி கிடைக்கிறான். ஒரு பிராணி இன்னொன்றுக்கு வழி திறப்பதால்தான் சேகரிப்பு வெறும் பட்டியலாகாமல் கதையாகிறது.

விதிகளைத் தலைகீழாக்கிப் பார்க்கும் துணிச்சலும் இவர்களுக்கு உண்டு. ஃபூஷியா நகரத்தின் சஃபாரி வளாகத்தில் 500 கட்டி உள்ளே போனால், 30 பந்தும் 500 அடி நடையும்தான் நமக்கு. சொந்தப் பிராணிகள் எதையும் சண்டைக்கு இறக்க முடியாது. கையில் இருப்பவை கல்லும் இரையும். கல்லெறிந்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும், ஆனால் கோபித்துக்கொண்டு ஓடிவிடும் வாய்ப்பும் கூடும். இரை போட்டால் நின்று தின்னும், ஆனால் பிடிபடுவது கடினமாகும். எதைச் செய்தாலும் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிறார்கள். அபூர்வமான சான்சி எதிரே வந்து நிற்கும்போது கல்லா, இரையா, சும்மா பந்தா என்று தவிப்பதற்கு இணையான தருணம் அந்த ஆட்டத்தில் வேறில்லை.

கிடைப்பதைப் போலவே கிடைக்காமல் போவதையும் கவனமாக வைத்திருக்கிறார்கள். முதல் நாளே தீ, நீர், புல் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மற்ற இரண்டும் அந்த ஆட்டத்தில் நமக்கில்லை. போதாக்குறைக்கு, நாம் எடுத்ததை வெல்லக்கூடியதைப் பார்த்து எடுத்துக்கொள்கிறான் எதிராளிப் பையன். நெருப்புப் பல்லியை எடுத்தவர் முதல் இரண்டு போட்டிக் களங்களில் பாறையிடமும் தண்ணீரிடமும் திண்டாடுவார்; புல்லை எடுத்தவர் அந்த இரண்டையும் ஊதித் தள்ளுவார். சந்திர மலைக் குகையில் இரண்டு புதைபடிவங்கள் கிடக்கும், ஒன்றுக்குத்தான் உரிமை. கூடவே அழைத்துச் செல்ல ஆறு பேருக்கு மேல் இடமில்லை. எத்தனை பிடித்தாலும் அந்த ஆறு யார் என்பதில்தான் ஆடுபவரின் குணம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே ஆள் பட்டியலை முடிக்க முடியாது. எகான்ஸ் என்ற பாம்பு சிவப்புப் பதிப்பில் மட்டும் உண்டு. சாண்ட்ஷ்ரூ பச்சையில் மட்டும். கடாப்ரா, மச்சோக், கிராவ்லர், ஹாண்டர் ஆகிய நான்கும் எவ்வளவு பாடுபட்டு வளர்த்தாலும் அடுத்த வடிவம் எடுக்காது. கேபிள் வழியாக இன்னொருவர் கைக்குப் போனால்தான் எடுக்கும். ஆசையாக வளர்த்ததை நண்பனிடம் கொடுத்து, 'டேய், திருப்பிக் கொடுத்துடணும்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேபிளைச் செருகிய சிறுவர்கள் எத்தனை பேர்! அந்தக் கேபிளில் பூச்சியோடு நம்பிக்கையும் ஊர்ந்து போனது.

நூற்று ஐம்பது பிராணிகளோடு முடிந்திருக்க வேண்டிய கணக்கில் 151ஆவதாக மியூ நுழைந்ததும் இந்த உலகத்துக்கு ஏற்ற குறும்பு. பிழை பார்க்கும் நிரல்களை நீக்கியபோது கிடைத்த 300 பைட் அளவு இடத்தில், நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ கடைசி நேரத்தில் அதைச் செருகிவிட்டார். பிறகு கோரோகோரோ என்ற சிறுவர் பத்திரிகை போட்டி வைத்து 20 பேருக்கு மட்டும் அதைக் கொடுத்தது. எந்தப் புல்லிலும் இல்லாத ஒன்று எங்கோ இருக்கிறது என்ற வதந்தியே போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு மூலையையும் மறுபடி துழாவினார்கள்.

குறைகளும் உண்டு. பிடித்தவற்றை வைக்கும் பெட்டியில் 30 சேர்ந்ததும் அது நிறைந்துவிடும். அதைக் கவனிக்காமல் அபூர்வமான ஒன்றின் முன்னால் போய் நின்றால் பந்தை எறியவே விடாது. தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பந்து ஒன்றைக் கதையின் போக்கில் தந்துவிடுவதால், மியூட்டூவை எதிர்கொள்ளும் தவிப்பையே பலர் ஒரு பொத்தானில் முடித்துவிட்டார்கள். பட்டியல் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்கும் வழியின் தனித்தன்மை குறைந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

புதிதாக ஆடப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. மாஸ்டர் பந்தைப் பையிலேயே விட்டுவிடுங்கள். மியூட்டூவின் எதிரே போய் நில்லுங்கள், அதைத் தூங்க வையுங்கள், அடிக்காமல் பந்தை எறியுங்கள். ஐந்து பந்து வீணாகி ஆறாவது பந்து மூன்று முறை ஆடி நிற்கும்போது, இந்த விளையாட்டை ஏன் கலை என்கிறோம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.