பியூரெட்டில் பூஜ்யம் மேலே இருக்கிறது

பிளஸ் ஒன் வேதியியல் ஆய்வகத்தில் முதல் வகுப்பு எப்படிப் போகும் என்பது பலருக்கும் தெரிந்ததே. கண்ணாடிச் சாமான்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நீண்ட குழாயின் அடியில் திருகு இருந்தால் பியூரெட். நடுவில் குமிழ் உப்பியிருந்தால் பிப்பெட். அடி அகன்று கழுத்து குறுகினால் கூம்புக் குடுவை. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து பாகம் குறித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாடம் முடிந்தது.

இந்தப் பழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பு முழுவதும் அமிலத்தோடு புழங்கும் அறையில், "அதோ, அந்த உயரமானதை எடு" என்று ஆசிரியர் கை நீட்டிக்கொண்டிருந்தால் விபத்துதான் வரும். எல்லாருக்கும் ஒரே பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, இந்தச் சாமான்களின் உருவம் ஏதோ ஒரு தேவையிலிருந்து வந்தது. கூம்புக் குடுவையை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வேதியியலர் எமில் எர்லன்மேயர். அதன் சுவர் உள்நோக்கிச் சரிவதால் ஒரு கையால் சுழற்றிக் கலக்கினாலும் கரைசல் வெளியே தெறிக்காது. மறு கை பியூரெட்டின் திருகில் இருக்கலாம். உருண்டை அடிக் குடுவையில் மூலை இல்லாததால் சூடு ஒரே சீராகப் பரவுகிறது. உருவத்தை உற்றுப் பார்க்கப் பழகிய மாணவர் இந்தக் காரணங்களையும் தேடுவார், யாராவது கேட்டால்.

யாரும் கேட்பதில்லை. பெயரோடு கேள்வி நின்றுவிடுகிறது. வேலைக்கு உதவும் அடையாளங்களோ உருவத்தில் இல்லாமல் கோடுகளிலும் கண்ணாடியின் கனத்திலும் ஒளிந்திருக்கின்றன. கோட்டோவியத்தில் அவை தெரிவதே இல்லை.

பியூரெட்டையே பாருங்கள். அளவு ஜாடியில் எண்கள் கீழிருந்து மேலே ஏறும். பியூரெட்டில் பூஜ்யம் உச்சியில்; எண்கள் கீழே இறங்கும். ஜாடியில் பழகிய மாணவர், 12-க்கும் 13-க்கும் நடுவே நிற்கும் மட்டத்தைக் கீழிருந்து எண்ணி 13.6 என்று எழுதிவிடுவார். உண்மை அளவு 12.4. தரம் பார்த்தலில் அடுத்தடுத்த அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்கிறோம். இங்கே பிழை 1.2 மில்லி. இத்தனைக்கும் அவர் "இது பியூரெட்" என்று சரியாகச் சொல்லி மதிப்பெண் வாங்கியவர்.

திருகிலும் இதே கதை. ரப்பர் குழாயும் கவ்வியும் கொண்ட பியூரெட் ஒன்று, கண்ணாடித் திருகு கொண்டது இன்னொன்று. அடையாளத் தேர்வில் இரண்டும் ஒன்றே. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ரப்பர் உள்ளதில் ஊற்றினால் அது ரப்பரோடு வினைபுரியும். சோடியம் ஹைட்ராக்சைடைக் கண்ணாடித் திருகில் விட்டுவைத்தால் திருகு இறுகி அசைய மறுக்கும். பெர்மாங்கனேட்டின் அடர் ஊதாவில் திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்பதையும் எந்தப் படமும் சொல்லாது.

முகவையின் கோடுகள் இன்னும் ஏமாற்றும். அவை உத்தேசம்தான், ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். 100 மில்லி என்று நம்பி ஊற்றியது 95 ஆகவும் இருக்கலாம். அதே 100 மில்லிக்கு 'ஏ' வகுப்பு அளவுக் குடுவையில் அனுமதிக்கப்படும் பிழை 0.1 மில்லி. அதன் கழுத்தில் இருப்பது ஒரே கோடு, பக்கத்தில் 20 டிகிரி என்று ஒரு சிறு குறிப்பு. கோடு நிறைய இருக்கும் பாத்திரமே துல்லியமானது என்று மாணவர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. அளவு ஜாடியையும் அளவுக் குடுவையையும் அடுப்பில் வைக்கக் கூடாது என்பதும் பெயரைக் கொண்டு தெரிவதில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பெயர் போதும். மேல்நிலையில் அது போதாது. கேள்வியை மாற்றப் புதிய சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முகவை, அளவு ஜாடி, பிப்பெட் மூன்றையும் மேசையில் வைத்து, "20 மில்லியைத் துல்லியமாக எடுக்க எது, ஏன்? இவற்றில் எதைச் சூடாக்கக் கூடாது?" என்று கேளுங்கள். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் அடுத்த செய்முறைத் தேர்விலேயே இந்த இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்.